வீட்டு வேலையில் ஆள் பாதுகாப்பு: குமரி மாவட்டக் கான்ட்ராக்டர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆறேழு பேர் முதல் இருபது பேர் வரை வைத்து வீடு, கடை, மாடி எடுக்கும் கான்ட்ராக்டர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் இந்தப் பதில்கள். பெரிய கம்பெனி சைட்டில் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் இருப்பார். வீட்டு வேலையில் அந்தப் பொறுப்பும் கான்ட்ராக்டர் தலையில்தான்.

"ஆள் கவனமாக இருந்தால் போதாதா? விபத்தெல்லாம் கவனக்குறைவால்தானே?"

போதாது. வார்ப்பைத் தாங்கும் முட்டு எத்தனை என்று முடிவு செய்தது யார்? மின்கம்பிக்குக் கீழே கம்பிக்கட்டை இறக்கச் சொன்னது யார்? செங்குத்தாக வெட்டிய மண்ணுக்கு அடியில் ஆளை இறக்கியது யார்? உயிர் போகும் விபத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு அன்று காலை ஆள் வேலைக்கு வருமுன்பே வழி போட்டாயிற்று. மாலை நாலு மணிக்குக் களைத்துப்போன கையாள் ஒருவர் கால் இடறத்தான் செய்வார். இடறினாலும் உயிர் தப்பும்படி இடத்தை அமைத்துக்கொடுப்பது கான்ட்ராக்டர் வேலை.

மழைக்காலத்தில் மண் வெட்டலாமா?

நமக்கு மழை இரண்டு தடவை: ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. அத்தனை மாதமும் வேலையை நிறுத்திவைக்க யாராலும் முடியாது. ஆனால் சரிவு மனையில் பின்பக்கம் மண் வெட்டி மட்டம் எடுக்கும் வேலையை மட்டும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் முடித்துவிடுவதுதான் நல்லது.

குலசேகரம், அருமனை, திருவட்டார் பக்கத்துச் செம்மண் காய்ந்திருக்கும்போது சுவர் மாதிரி நிற்கும். ஜேசிபி மூன்று மீட்டர் நேராக வெட்டினாலும் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. அதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறோம். மேலே ரப்பர்த் தோட்டமோ பக்கத்து வீட்டு முற்றமோ இருக்கும். அங்கே விழும் மழைநீர் வெட்டின் விளிம்புக்குப் பின்னால் விரிசல் வழியாக இறங்கி மண்ணைக் கனக்கச் செய்யும், பிடிப்பையும் குறைக்கும். பிறகு ஒரு துண்டு அப்படியே பெயர்ந்து விழும். ஒரு கன மீட்டர் ஈர மண் சுமார் 1,800 கிலோ. நெஞ்சு வரை மூடினாலே மூச்சு விட முடியாது.

ஒரேயடியாக நேராக வெட்டாமல் ஒன்றரை மீட்டருக்கு ஒரு படி விட்டு வெட்டுங்கள். படியின் அகலமும் ஒன்றரை மீட்டருக்குக் குறைய வேண்டாம். இடம் இல்லை என்று சொல்லும் மனைகளில்தான் விபத்து அதிகம். அங்கே முழு நீளத்தையும் ஒரே நாளில் வெட்டித் திறந்து போடாதீர்கள். மூன்று மீட்டர் நீளத்துக்கு வெட்டி, அந்த அளவுக்குக் கருங்கல் தாங்குசுவரை எழுப்பி, அதன் பிறகு அடுத்த துண்டுக்குப் போங்கள். மேல் விளிம்பிலிருந்து தள்ளி ஒரு சால் எடுத்து மழைநீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். தாங்குசுவரில் மூன்று அல்லது நாலு அங்குலக் குழாயை இரண்டு மீட்டருக்கு ஒன்றாக வைத்து, அதன் பின்னால் ஜல்லி நிரப்புங்கள். நீர் வெளியேற வழியில்லாத சுவர் மழையில் கவிழும்.

ஒவ்வொரு நாள் காலையும், மழை விட்ட ஒவ்வொரு தடவையும், விளிம்புக்கு மேலே நடந்து பாருங்கள். விளிம்புக்கு இணையாக ஒரு மயிரிழை விரிசல் தெரிந்தாலும் கீழே ஆள் நிற்கக் கூடாது. விளிம்பில் நிற்கும் மரம் சாய்ந்திருந்தாலும் அப்படியே.

அஸ்திவாரக் குழிக்கும் இதெல்லாம் வேண்டுமா?

குழி ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் சரித்து வெட்ட வேண்டும், இல்லையென்றால் பலகை கொடுத்து முட்டுப் போட வேண்டும். வயல் நிரப்பிய மனையிலும், குளச்சல், மண்டைக்காடு, முட்டம் போன்ற கடற்கரை மணலிலும் ஒரு மீட்டரிலேயே இதைச் செய்யுங்கள். நிரப்பிய மண்ணுக்கு அடியில் பழைய வயல் சேறு இருக்கும். குழியின் அடிப்பகுதி முதலில் நழுவும், மேலே இருப்பது பின்னால் விழும்.

தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிப்பது வழக்கமாகிவிட்டது. குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளிப் போடுங்கள். மூன்று மீட்டருக்கு மேல் ஆழமென்றால் ஆழத்தில் பாதி தூரம். ஏறி வர ஏணி வேண்டும், 15 மீட்டருக்கு ஒன்று.

பக்கத்து வீட்டுக் காம்பவுண்ட் சுவரை ஒட்டிக் குழி எடுக்கும்போது இரட்டிப்புக் கவனம் தேவை. பழைய ஹாலோ பிளாக் சுவருக்கு அடித்தளம் பல இடங்களில் ஓரடிகூட இருக்காது. நீளமாகத் தோண்டினால் சுவர் குழிக்குள் நிற்கும் ஆளின் மேல் சாயும். ஒன்றரை மீட்டர் தோண்டி, அடுத்த ஒன்றரை மீட்டரை விட்டு, மறுபடி தோண்டுங்கள். முதல் துண்டுகளில் கல் கட்டி நிரப்பிய பிறகு இடையில் விட்டதை எடுக்கலாம். சுவருக்குச் சாய்வு முட்டும் கொடுத்திருக்க வேண்டும்.

வார்ப்பன்று சென்ட்ரிங் சரிவது ஏன்?

சென்ட்ரிங் என்பது காங்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் தட்டும் முட்டும். கணக்கு எளிது. ஐந்து அங்குல வார்ப்பில் ஒரு சதுர மீட்டருக்குக் காங்கிரீட் மட்டும் 310 கிலோ. தட்டு, கட்டை, ஆட்கள், தள்ளுவண்டி எல்லாம் சேர்த்தால் 500 கிலோவைத் தாண்டும். முக்கால் மீட்டருக்கு ஒரு முட்டு இருந்தால் ஒவ்வொன்றும் 300 கிலோ அளவுக்குத் தாங்கும். 1.2 மீட்டருக்கு ஒன்று என்று பரத்தினால் அதே முட்டு 700 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். ஒரு லோடு முட்டு மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்து இதைத்தான் செய்கிறார்கள்.

உயரமும் அப்படித்தான். முட்டின் உயரம் இரண்டு மடங்கானால், வளையாமல் தாங்கும் திறன் நாலில் ஒன்றாகக் குறையும். அதனால்தான் இரண்டு மாடி உயரக் கார் போர்ட்டிகோ, படிக்கட்டு ஹால், கோயில் மண்டபம், சர்ச் முகப்பு இவற்றில் சென்ட்ரிங் சரிகிறது. இரண்டு சவுக்குக் கம்பை ஒட்டுப்போட்டு ஆணியடித்து நீட்டுவதை அங்கே அனுமதிக்கவே கூடாது. இரும்புக் குழாய் சாரமும் ஜாக்கியும் வாடகைக்குக் கிடைக்கின்றன, அதை எடுங்கள். மூன்று மீட்டருக்கு மேல் உள்ள எந்த முட்டுக்கும் நடு உயரத்தில் இரண்டு திசையிலும் கட்டுக்கம்பு ஓட வேண்டும், மூலைக்கு மூலை குறுக்குக் கம்பும் வேண்டும். இரண்டு திசை என்பது முக்கியம். ஒரு திசையில் மட்டும் கட்டிய முட்டு வரிசை மறு திசையில் சீட்டுக்கட்டு போலச் சாயும்.

அடுத்தது முட்டின் அடி. தரைத்தளத்தில் நிரப்பிய மண்ணில் நேராகவோ, உடைந்த செங்கல் மேலோ முட்டு நிற்கிறது. முந்தின இரவு மழை பெய்து மண் அமுங்கியிருக்கும். வார்ப்புக்கு முன் ஆப்பு தளர்ந்திருப்பதே யாருக்கும் தெரியாது. ஒன்பது அங்குல அகலம், இரண்டு அங்குலக் கனம் உள்ள பலகையை நீளமாகப் போட்டு அதன் மேல் முட்டு நிறுத்துங்கள். காங்கிரீட் போடத் தொடங்குவதற்கு அரை மணி முன் ஒவ்வொரு ஆப்பையும் ஒருவர் சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். தளர்ந்த ஆப்பின் சத்தம் வேறாக இருக்கும். ஆப்பை இறுக்கியபின் நழுவாமல் ஓர் ஆணி அடியுங்கள்.

காங்கிரீட் ஓடும் நேரத்தில் தட்டுக்கு அடியில் எவரும் நிற்கக் கூடாது. சிமெண்ட் பால் ஒழுகுகிறது என்று சாந்து அடைக்க ஆளை உள்ளே அனுப்புவார்கள், சரிந்தால் மாட்டிக்கொள்வது அவர்தான். ஒழுகல் தெரிந்தால் மேலே காங்கிரீட் போடுவதை நிறுத்தி, ஆட்களை அந்த இடத்திலிருந்து விலக்கிவிட்டு, வெளியிலிருந்து பாருங்கள். பம்ப் போட்டு வார்க்கும்போது ஒரே இடத்தில் கொட்டிக் குவிய விடாதீர்கள். இரண்டு அடி குவியல் சதுர மீட்டருக்கு 1,500 கிலோ, அதாவது வார்ப்பின் கனத்தைப் போல ஐந்து மடங்கு.

தட்டு எத்தனை நாளில் பிரிக்கலாம்?

காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்ச நாட்கள்: தூண் பக்கப் பலகை 16 முதல் 24 மணி நேரம். 4.5 மீட்டர் வரை அகலமுள்ள அறையின் வார்ப்பு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீம் முட்டு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இந்தக் கணக்கு சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு உரியது. கடையில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிபிசி, அதாவது போர்ட்லேண்ட் பொஸோலானா சிமெண்ட். அது மெதுவாகத்தான் பலம் பிடிக்கும் என்பதால் 7 என்பதைப் பத்தாகவும் 14 என்பதை மூன்று வாரமாகவும் வைத்துக்கொள்வது நல்லது. மேலே அடுத்த மாடிக்கு முட்டு ஏற்றப்போகிறீர்கள் என்றால் கீழ்முட்டைத் தொடாதீர்கள்.

சன்ஷேடும் பால்கனியும் தனி. சுவருக்கு வெளியே நீளும் பகுதிக்குக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். வார்க்கும்போது ஆட்கள் மிதித்து அது கீழே இறங்கிவிடும். முட்டு இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, பிரித்த நிமிடமே உடைந்து விழும். அதனால் அந்தக் கம்பிக்கு அடியில் நாற்காலிக் கம்பி வைத்து, வார்ப்பின் நடுவில் ஒரு தடவை கையால் தொட்டுப் பாருங்கள். அதன் வேர்ப்பகுதியில் மேல்சுவர் பாரம் ஏறுமுன் முட்டை எடுக்கக் கூடாது. எடுக்கும்போது வெளி நுனியிலிருந்து சுவரை நோக்கி வாருங்கள். அறை வார்ப்புக்கு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி.

புது செப்டிக் டேங்கில் என்ன ஆபத்து? இன்னும் அழுக்கே விழவில்லையே?

பலரும் நம்ப மறுப்பது இதுதான். டேங்கின் மூடி வார்ப்பை வார்த்து, இரண்டு மூன்று வாரம் மூடிவைத்து, தட்டுப் பிரிக்க முதல் ஆள் இறங்குகிறார். உள்ளே கியூரிங் தண்ணீர் தேங்கியிருக்கும், பலகையும் சவுக்கும் ஊறி அழுகத் தொடங்கியிருக்கும். அந்த அழுகல் உள்ளிருக்கும் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். வெளிக்காற்றில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம். அது 10-க்குக் கீழே போனால் இறங்கியவர் கூப்பிடக்கூட நேரமின்றி மயங்கி விழுவார். வாசனையும் இருக்காது. மேலிருந்தவர் காப்பாற்ற இறங்குவார், அவரும் விழுவார். பிறகு மூன்றாமவர்.

முதல் வழி, யாரும் இறங்கத் தேவையில்லாமல் செய்வது. மூடியை அங்கேயே வார்க்காமல், தரையில் ஒன்றரை அடி அகலச் சிலாப்புகளாக வார்த்து, கொக்கி வைத்து, இரண்டு வாரம் கழித்துத் தூக்கி வையுங்கள். மூன்று அங்குலக் கனம், ஐந்தடி நீளமென்றால் ஒரு சிலாப் 130 கிலோ வரும். நாலு பேர் கம்பு கொடுத்துத் தூக்கலாம். எங்கள் தீர்மானமான கருத்து, வீட்டு டேங்குகளுக்கு இது ஒன்றே முறையாக இருக்க வேண்டும்.

ஏற்கெனவே வார்த்துவிட்டீர்கள் என்றால்: எதிரெதிர் மூலையில் இரண்டு வாய்களையும் ஒரு நாள் முழுதும் திறந்து வையுங்கள். தண்ணீரை வெளியே நிற்கும் பம்பால் இறையுங்கள். பெட்ரோல், டீசல் இன்ஜினை உள்ளே இறக்கினால் அதன் புகையே கொல்லும். ஊதுவிசிறியின் குழாயை ஒரு வாய் வழியாக அடிவரை விட்டு, குறைந்தது அரை மணி ஓட்டி, ஆள் உள்ளே இருக்கும்வரை நிறுத்தாமல் வையுங்கள். வாயு அளவுமானியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலும் பாருங்கள். ஆக்ஸிஜன் 19.5-க்குக் குறைந்தாலோ, ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம்-ஐத் தாண்டினாலோ இறங்கக் கூடாது. இறங்குபவர் உடல் முழுதும் பிடிக்கும் பெல்ட் போட்டு, கயிறு மேலே முக்காலியில் இருக்க வேண்டும். மேலே நிற்பவர் எந்தக் காரணத்துக்காகவும் இறங்கக் கூடாது, இழுக்க மட்டும்தான் அவர்.

மெழுகுவத்தி இறக்கிப் பார்ப்பதை நம்பாதீர்கள். விஷவாயுவை அது காட்டாது, எரிவாயு இருந்தால் வெடிக்கும். மூக்கையும் நம்ப வேண்டாம்: ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் முகரும் திறனையே அது மரக்கச் செய்துவிடும். வெல்டிங் ஆக்ஸிஜன் சிலிண்டரை உள்ளே திறந்துவிடுவதும் தவறு, ஒரு தீப்பொறியில் துணியெல்லாம் பற்றும். கிணறு ஆழப்படுத்தும்போதும் இதே முறைதான். பயன்பாட்டில் இருக்கும் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்யப் பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம், இயந்திர வண்டியைத்தான் கூப்பிட வேண்டும்.

மனைக்கு மேலே மின்கம்பி போகிறது. எவ்வளவு தூரம் விட வேண்டும்?

கட்டடத்துக்கும் கம்பிக்கும் இடையே விதி சொல்வது: வீட்டு லைனுக்குப் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 2.5 மீட்டர். 11 கேவி (11,000 வோல்ட்) லைனுக்குப் பக்கவாட்டில் 1.2, மேலே 3.7 மீட்டர். இது முடிந்த கட்டடத்துக்கான அளவு. வேலை நடக்கும்போது இது எதற்கும் காணாது, ஏனென்றால் வார்ப்புக்கான இரும்புக் கம்பி முழு நீளத்தில் 12 மீட்டர் வருகிறது. மாடியில் ஒருவர் அதை நிமிர்த்தித் திருப்பினால் நாலு மீட்டர் தள்ளியிருக்கும் லைனும் எட்டிவிடும். அலுமினிய ஏணி, மட்டப் பலகை, ஜிஐ பைப் எல்லாம் அப்படித்தான். 11 கேவியில் தொடக்கூட வேண்டாம், மிக நெருங்கினாலே பாயும்.

வேலை தொடங்கும் முன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து லைனை மாற்றவோ உறையிடவோ கேளுங்கள். அது நடக்கும்வரை லைன் இருக்கும் பக்கம் கம்பி ஏற்றக் கூடாது, எதிர்ப்பக்கம் ஏற்றுங்கள். லைன் பக்கம் மாடி விளிம்பிலிருந்து உள்தள்ளி மூங்கில் தட்டி கட்டுங்கள். இரும்புத் தடுப்பு வேண்டாம்.

சைட் கரண்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் வைப்ரேட்டரோ மோட்டாரோ ஓடக் கூடாது. வாரம் ஒரு தடவை அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள், விழவில்லையென்றால் மாற்றுங்கள். மூன்று கோர் கேபிள், பிளக் இரண்டும் வேண்டும். ஒயர் முனையைச் சொருகித் தீக்குச்சி வைப்பதைப் பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

சாரம் கட்டும்போது எதைப் பார்க்க வேண்டும்?

மிதிபலகை மூன்று, சேர்த்து இரண்டடி அகலம். ஒரு பலகையில் நின்று பூசச் சொல்வதுதான் விழுவதற்கு முதல் காரணம். பலகையின் நுனி தாங்குகம்பைத் தாண்டி அரை அடி இருக்கட்டும், ஓரடியைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் நுனியில் கால் வைத்ததும் மறுமுனை எழும். இடுப்பளவு கைப்பிடிக் கம்பு, கல் உருளாமல் அடியில் அரை அடிப் பலகை. நாலு மீட்டர் உயரத்துக்கு ஒரு தடவை ஜன்னல் வழியாகச் சுவரோடு கட்டுங்கள். கயிறு மழையில் நனைந்து வெயிலில் காய்ந்தால் கட்டு தளரும். எனவே மழைக்குப் பின் எல்லா முடிச்சையும் பாருங்கள். கடற்கரையில் கட்டுக்கம்பி சில வாரத்தில் உப்புப் பிடித்து இற்றுப்போகும்.

ஆரல்வாய்மொழி, தோவாளை, முப்பந்தல் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் காற்றில் தகரக் கூரை ஏற்றும் வேலையைக் காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். தகடு கையில் இருக்கும் ஆளைக் காற்று தகட்டோடு தூக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் சாரத்துப் பலகை, தகரம், பிளைவுட் எல்லாம் இறக்கிக் கட்டப்பட வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தபோது நம்மிடம் நேரம் அதிகம் இருக்கவில்லை.

பெல்ட் வாங்கிக் கொடுத்தும் போட மாட்டேன் என்கிறார்களே?

பல சமயம் அவர்கள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது, மாட்ட இடமே இல்லாதபோது. சவுக்குச் சாரத்தில் மாட்டிய பெல்ட் சாரத்தோடு விழும். வார்த்த பீமையோ தூணையோ சுற்றி ஒரு கம்பிவடம் போட்டு, தலைக்கு மேலே மாட்டும்படி செய்துகொடுங்கள். உயரக் கணக்கும் உண்டு: 1.8 மீட்டர் கயிற்றைக் கால் மட்டத்தில் மாட்டினால், அதிர்ச்சி தாங்கி விரிவது, ஆளின் உயரம் எல்லாம் சேர்த்து ஐந்தரை, ஆறு மீட்டர் இறங்கிய பிறகுதான் ஆள் நிற்பார். ஒரு மாடி மூன்று மீட்டர்தான். அங்கே கைப்பிடிக் கம்புதான் உண்மையான பாதுகாப்பு. இடுப்பு பெல்ட் வேண்டாம், முதுகை முறிக்கும். உடல் முழுதும் பிடிப்பதுதான் வேண்டும்.

ஹெல்மெட்டுக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் தாடைப் பட்டையும் பாருங்கள். ஒரு தடவை பலமாக அடிபட்டதை வெட்டிப் போடுங்கள், மறுபடி யாரும் எடுத்துப் போடக் கூடாது.

கட்டிங் மெஷினில் கை போவது ஏன்?

மூடியைக் கழற்றிவிட்டு, நாலு அங்குல கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டுவதால். அந்த மெஷின் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று அளவில் ஓடும், பல் மரத்தில் சிக்கினால் தொடை மேலோ கழுத்து மேலோ எகிறும். சென்ட்ரிங் பலகைக்கு வட்ட ரம்பம் தனியாக வையுங்கள். டைல்ஸ், கிரானைட் அறுக்கும்போது தண்ணீர் விட்டு அறுத்தால் நுரையீரலுக்குப் போகும் தூசி குறையும். துணி கட்டுவது அந்தத் தூசியைத் தடுக்காது.

சிமெண்ட் பட்டுக் கால் வெந்துபோகிறது.

ஈர சிமெண்ட் கடும் காரம். வார்ப்பன்று முழங்கால் வரை கம்பூட்ஸ் கொடுங்கள். பூட்ஸுக்குள் காங்கிரீட் புகுந்தால் உடனே கழற்றிக் கழுவ வேண்டும். மாலை வரை விட்டால் தோல் உரிந்து புண்ணாகும்.

வடமாநில ஆட்களுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்து வருபவர்கள் தலையாட்டுவதைப் புரிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செய்துகாட்டச் சொல்லுங்கள். அவர்களில் தமிழ் தெரிந்த ஒருவரை ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் நிறுத்துங்கள். "நில்", "விலகு", "கரண்ட்" என்ற மூன்றுக்கும் சைட்டில் எல்லோருக்கும் ஒரே சொல், ஒரே கைச்சைகை. புதிதாக வந்தவரை முதல் வாரம் மாடி விளிம்பு வேலைக்கு விடாதீர்கள்.

வீட்டுக்காரர் பால்காய்ச்சுக்குத் தேதி குறித்துவிட்டார், வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறார். அவசரப்படுத்துகிறாரே?

ஒப்பந்தத்திலேயே முட்டு நாட்களை எழுதிவிடுங்கள்: "வார்ப்புக்குப் பின் இத்தனை நாள் இந்த அறையில் வேலை இல்லை" என்று. சாரம், முட்டு வாடகை, கைப்பிடி, ஆர்சிசிபி, ஹெல்மெட் எல்லாவற்றையும் தனி வரியாகக் கொட்டேஷனில் போடுங்கள். சதுர அடி ரேட்டுக்குள் மறைத்துவைத்தால் பேரம் பேசும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

விபத்து நடந்துவிட்டால் முதல் பத்து நிமிடம் என்ன செய்வது?

108-ஐக் கூப்பிடுங்கள். இடத்துக்கு வழி சொல்ல ஒருவர் மெயின் ரோட்டில் நிற்கட்டும். ரப்பர்த் தோட்டத்து உள்வழிகளில் வண்டி தேடி அலைவதில் நேரம் போகும். உயரத்திலிருந்து விழுந்தவரைக் கையும் காலும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்காரவைக்காதீர்கள், முதுகெலும்பு முறிந்திருந்தால் நிரந்தரமாகக் கால் போகும். தலையை ஆடாமல் பிடித்துக் காத்திருங்கள். மூச்சு இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டே இருங்கள். உடம்பில் கம்பி குத்தியிருந்தால் உருவாதீர்கள். கம்பியை வெட்டி, குத்தியபடியே அனுப்புங்கள். நிற்கும் கம்பி முனைகளுக்கு முன்பே மூடி போட்டிருந்தால் இது வராது.

கரண்ட் அடித்தால் முதலில் மெயினை அணையுங்கள். 11 கேவி என்றால் மின்வாரியம் லைனை நிறுத்தியதாகச் சொல்லும்வரை நெருங்கக் கூடாது. மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

இழப்பீடு யார் கொடுக்க வேண்டும்? சென்ட்ரிங்காரரின் ஆளுக்கு நானா பொறுப்பு?

ஆம். வேலையின் ஒரு பகுதியை உள்கான்ட்ராக்ட் விட்டாலும், முதல் கான்ட்ராக்டர் இழப்பீடு கொடுத்துவிட்டு, அதை உள்கான்ட்ராக்டரிடமிருந்து வசூலிக்கலாம் என்பதே 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் வகுத்த முறை. இன்று அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்திருக்கிறது. இறப்பென்றால் மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். மாதக் கூலி உச்சவரம்பு 15,000 ரூபாய் என்ற கணக்கில், 30 வயதுக்காரருக்கு 7,500 பெருக்கல் 207.98, அதாவது 15,59,850 ரூபாய். அந்தப் பணத்தை வீட்டில் உட்கார்ந்து பேசிக் கையில் கொடுத்து முடித்தால் சட்டத்தின் கண்ணில் அது கொடுத்ததாகவே ஆகாது. உரிய இழப்பீட்டு அதிகாரியிடம் செலுத்தி அவர் வழியாகத்தான் குடும்பத்துக்குப் போக வேண்டும். இந்தத் தொகையைத் தாங்க முடியாத கான்ட்ராக்டர் வேலை தொடங்கும் முன்பே தொழிலாளர் இழப்பீட்டு இன்சூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும். ஆள் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டி எடுத்தால் பாலிசி அந்த அளவுக்குத்தான் உதவும்.

நலவாரிய அட்டை இருந்தால் இன்சூரன்ஸ் தேவையில்லையா?

இரண்டும் வேறு. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் தரும் உதவி தொழிலாளிக்கு உரியது, உங்கள் பொறுப்பை அது கழிக்காது. பதினெட்டு முதல் அறுபது வயது வரை பதிவு செய்யலாம், வெளிமாநிலத்தவரும் சேரலாம். கட்டட அனுமதியின்போது மதிப்பில் 1 சதவீதம் நல நிதியாகச் செலுத்தப்படுகிறது, அது இவர்களுக்காகத்தான். மழைநாளில் வேலை நிற்கும்போது ஆதார், வங்கிப் புத்தகத்தோடு உங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் இணையத்தில் பதிவு செய்துவிடுங்கள். பதிவு காலாவதியாகாமல் புதுப்பிக்கும் தேதியை உங்கள் கூலிக் கணக்கு நோட்டிலேயே ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக எழுதிவையுங்கள்.